ஹட்டனிலிருந்து லாஸ் வேகாஸ் போக்கர் போட்டிக்குப் போன அனுபவம்

2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற சீட்டாட்டத் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்டில் விளையாடிவிட்டு வந்தேன். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எவ்வளவு வென்றாய் என்றுதான். பரிசு ஒன்றும் இல்லை, இரண்டாம் நாளில் வெளியே வந்துவிட்டேன். ஆனால் இலங்கை மலையகத்தில் இப்போது நல்லா போக்கர் விளையாடுகிற பையன்கள் இருக்கிறார்கள், போன் ஸ்கிரீனில் அந்தப் போட்டியைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் போகவேண்டும் என்று நினைக்கிறவர்கள். அவர்களுக்காகத்தான், முக்கியமாகக் காசு விசயத்தை, விவரமாக எழுதுகிறேன்.

நுழைவுக் கட்டணம் 10,000 டொலர். நம்ம காசுக்கு ஏறக்குறைய 30 இலட்சம். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய், மாதத்தில் 25 நாள் வேலை செய்து பேர் விழுந்தாலும் அந்தத் தொகையைச் சேர்க்க ஏழு வருடத்துக்கு மேல் கொழுந்து எடுக்கவேண்டும், அதுவும் ஒரு சதம் செலவழிக்காமல். எங்கள் அம்மா கொழுந்து எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அதனால் இந்தக் கணக்கை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. வீட்டுக் காசு, அம்மாவின் ஈபிஎஃப், நகை, சீட்டு எடுத்த காசு, இதில் எதையும் தொடுவதில்லை என்பது முதலிலேயே எடுத்த முடிவு.

அப்போ காசு எங்கிருந்து வந்தது? வரக்கூடிய பரிசில் பங்கு விற்றேன். 10,000 டொலரை நூறு பங்காகப் பிரித்து, டொரொண்டோவில் இருக்கிற பள்ளிக்கூட நண்பன், டோஹாவில் வேலை செய்கிற இரண்டு பேர், கொழும்பில் என்னோடு விளையாடுகிறவர்கள், ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். மீதிப் பங்கு என்னுடையது, அது கொழும்பு மேசைகளில் வென்று தனி பாங்க் புத்தகத்தில் போட்டு வைத்த காசு. டிக்கெட்டும் தங்குமிடமும் என் செலவு. யாருக்கு எத்தனை பங்கு, பரிசு வந்தால் எப்படிப் பிரிப்பது, வராவிட்டால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று எழுதி எல்லாரும் கையெழுத்து வைத்தோம். நட்புக்குள் எதுக்கு எழுத்து என்று ஒருத்தர் கேட்டார். நட்பு கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

விசா நேர்முகத்தில் உள்ளதைச் சொன்னேன். போக்கர் போட்டிக்குப் போகிறேன் என்றதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், காசு யாருடையது என்று கேட்டார், பங்குக் கணக்குத் தாளைக் காட்டினேன், ஊரில் என்ன வேலை, எப்போது திரும்புவாய் என்று இன்னும் சில கேள்விகள், அவ்வளவுதான். சுற்றுலா என்று மட்டும் சொல், போக்கர் பற்றி வாய் திறக்காதே என்று பலர் சொல்லியிருந்தார்கள். அந்தப் புத்தியைக் கேட்காதீர்கள்.

ஜூன், ஜூலை மழையில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பாதை மூடிவிடும், ரயிலையும் நம்ப முடியாது, ஆகவே விமானத்துக்கு முதல் நாளே கொழும்புக்கு இறங்கிவிடுவது நல்லது. கட்டுநாயக்கவிலிருந்து டோஹா, அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ், அப்புறம் வேகாஸ். உடம்புக்குப் பெரிய சோதனை நேரம்தான். ஜூலையில் அங்கே பகல் 12 மணி என்றால் இங்கே இரவு 12.30. ஆட்டம் பகல் 12க்குத் தொடங்கி நள்ளிரவு வாக்கில் முடிகிறது, அதாவது நம்ம ஊர்க் கணக்கில் ராத்திரி முழுக்க விழித்து மறுநாள் பகல் வரை விளையாடுகிற மாதிரி. போவதற்கு முன்பே வீட்டில் இரவில் விழித்துப் பகலில் தூங்கிப் பழகினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை, ஆனால் அங்கே போனதும் மற்ற வெளிநாட்டுக்காரர்கள் மேசையில் கொட்டாவி விட்டபோது எனக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.

வெளியே 40 பாகைக்கு மேல் வெயில். உள்ளே ஏசி நானுஓயா விடியற்காலை மாதிரி. நுவரெலியாவில் வாங்கிய குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடம் மொத்தம் 9,735 பேர். முதல் நாள் ஆட்டத்தையே நான்கு தேதிகளாகப் பிரித்து நடத்துகிறார்கள். ஆளுக்கு 60,000 சிப்ஸ், அதாவது ஆட்டத்துக்குள் மட்டும் செல்லுகிற வில்லைகள். ப்ளைண்ட், அதாவது அட்டை பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடவேண்டிய சிப்ஸ், 100, 200இல் தொடங்கும், அது ஏறுகிற ஒவ்வொரு கட்டமும் இரண்டு மணி நேரம். சிப்ஸ் போனால் மறுபடி காசு கட்டி உட்கார முடியாது. நேரம் தாராளமாக இருக்கிறது, ஆகவே பெரும்பாலான நேரம் செய்கிற வேலை ஃபோல்ட் பண்ணுவதுதான், அதாவது அட்டையைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகுவது. எனக்கு இந்தப் பொறுமை நம்ம ஊர் 304 சீட்டாட்டத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். சின்ன வயதில் லயத்து வாசலில் பெரியவர்கள் விளையாடும்போது ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11 என்று எண்ணிக்கொண்டே, எதிராளி எந்தத் துரும்பை மறைத்து வைத்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்துப் பழகிய ஆட்கள் நாம்.

என் இடது பக்கத்தில் ஒஹாயோக்காரர் ஒருவர், பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டின்னர் இடைவேளையில் பேச்சுக் கொடுத்தபோது பர்ஸிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் பெயர்களும் பக்கத்தில் சதவீதமும். கூட வேலை செய்தவர்கள் பங்கு எடுத்து அவரை அனுப்பியிருக்கிறார்கள்! நான் என் தாளை எடுத்துக் காட்டினேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் படித்தோம். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர் என்ற நினைப்பு எனக்கு அன்றோடு போனது.

முதல் நாள் கடைசியில் கையில் இரண்டு ஆறு வந்தது. எல்லாருக்கும் பொதுவான அட்டைகளாகக் கிங், ஆறு, இரண்டு என்று மேசையில் விழ, எனக்கு மூன்று ஆறு ஆனது, ஆஸ், கிங் வைத்திருந்த ஒருவர் கடைசி வரை விடாமல் சிப்ஸ் போட்டார். ஒரு லட்சத்தைத் தாண்டிய சிப்ஸோடு அன்றைய நாள் முடிந்தது. இரண்டாம் நாள் எதிராகப் போனது. இரண்டு ஜோடி வைத்திருந்தபோது கடைசி அட்டையில் எதிராளிக்கு ஃப்ளஷ் (ஐந்து அட்டையும் ஒரே இனம்) விழுந்து பாதிக்கு மேல் போய்விட்டது, ப்ளைண்ட் ஏறிக்கொண்டே இருந்தது, ஒரே இனத்து ஆஸ், கிங் வந்ததும் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். எதிரே இரண்டு பத்து. எனக்கு எதுவும் விழவில்லை. இன்றைக்கு அதே கை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

எழுந்து வரும்போது மனது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் இருக்கவில்லை. யாருடைய சாப்பாடும் அந்தச் சிப்ஸில் இல்லை. அது தெரிந்ததால்தான் இரண்டு நாளும் ஒவ்வொரு முடிவையும் நிதானமாக எடுக்க முடிந்தது. கடன் வாங்கி வந்த ஒரு பையனை அங்கே பார்த்தேன், ஒவ்வொரு அட்டைக்கும் அவன் கை நடுங்கியது, நல்ல கையைக்கூடப் பயத்தில் ஃபோல்ட் பண்ணினான்.

2003இல் கிறிஸ் மனிமேக்கர் 86 டொலர் இணையப் போட்டியில் இடம் பிடித்து இதே மெயின் ஈவென்டில் 25 இலட்சம் டொலர் வென்ற கதையைச் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் இருப்பார்கள். கதை உண்மை. அன்று விளையாடியது 839 பேர். இப்போது அதைவிடப் பத்து மடங்குக்கு மேல், பணம் கிடைப்பது சுமார் 15 சதவீதம் பேருக்கு, குறைந்த பரிசு 15,000 டொலர். 2025இல் ஒரு கோடி டொலரோடு வென்ற மைக்கேல் மிஸ்ராச்சி பல வருடமாக இதையே தொழிலாகச் செய்கிறவர்.

போக நினைப்பவர்கள் விசா வேலையை வருடத் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். 1,100 டொலர் சாட்டலைட்டுகளும், அதாவது மெயின் ஈவென்ட் இடத்தையே பரிசாகத் தருகிற சின்னப் போட்டிகளும், அங்கே நடக்கும், சுமார் பத்துப் பேருக்கு ஒரு மெயின் ஈவென்ட் இடம், முதலில் அதில் முயல்வதும் நல்ல வழி. பங்குத் தாளை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், என்னுடையதில் பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.