போனில் படிக்கும் பிள்ளைகள்: மலையகத்தில் கண்டதும் கையாள்வதும்

விஞ்ஞான ஆசிரியர், கொட்டகலை:

தரம் 9, 10 பிள்ளைகளின் விடைத்தாளில் இப்போது இரண்டு நாட்டுத் தமிழ் கலந்து வருகிறது. காரணம் யூடியூப். பாடத்தின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது தமிழ்நாட்டுப் பாடம். விளக்கம் நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே அழுத்தம், இங்கே அமுக்கம். கார்பன் டை ஆக்சைடு என்று கேட்டுப் பழகிய பிள்ளை, பாடநூலில் காபனீரொட்சைட்டைக் கண்டதும் அது வேறொரு வாயு என்றே நினைத்துவிடுகிறது.

இதெல்லாமாவது திருத்துகிறவருக்கு விளங்கிவிடும். ஆளை மாட்டிவிடுவது இயக்கப் பாடம். தமிழ்நாட்டில் வேகம் என்றால் திசை சேராத கணியம், திசை சேர்ந்தால் திசைவேகம். நமது பாடநூலில் திசை சேராதது கதி, திசை சேர்ந்ததுதான் வேகம். ஒருவன் கிழக்கே 30 மீற்றர் போய், திரும்பி மேற்கே 10 மீற்றர் வருகிறான், மொத்தம் 8 செக்கன் என்று வைப்போம். சராசரி வேகம் என்ன? வீடியோ பார்த்த பிள்ளை 40 ஐ 8 ஆல் வகுத்து, செக்கனுக்கு 5 மீற்றர் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். அது கதி. கேட்டதற்கு விடை, கிழக்கு நோக்கி செக்கனுக்கு 2.5 மீற்றர். கணக்குத் தெரிந்த பிள்ளைதான், புள்ளி போய்விட்டது. அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல் என்பதில் இந்த ஆபத்து இல்லை. சொல் வேறாக இருப்பதால் பிள்ளை நின்று யோசிக்கும். ஒரே சொல் வேறு பொருளில் வரும் இடத்தில்தான் வழுக்கும்.

வீடியோவைத் தடுக்கத் தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும். முதலில் பாடநூலில் அந்த அத்தியாயத்தைத் திறந்து, தடித்த எழுத்தில் உள்ள சொற்களைக் கொப்பியின் இடது ஓரத்தில் எழுத வேண்டும். பிறகு வீடியோ. அதில் வேறு சொல் வந்தால் பக்கத்தில் பென்சிலால் குறிக்கலாம். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடது ஓரச் சொற்களை மட்டும் பார்த்து ஐந்தாறு வசனம் எழுத வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாப் பிள்ளையும் தாண்டுகிறது. பார்க்கும்போது விளங்கியது எழுதும்போது வராவிட்டால், அது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

பாடநூல் கிழிந்துபோன வீட்டுக்கு, கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் தமிழில் பி.டி.எஃப் இலவசமாக இருக்கிறது. பாடமும் வினாத்தாளும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தேடலாம்.

போன் திருத்தல், பொகவந்தலாவை:

சேர் சொன்ன பி.டி.எஃப்பை முழுப் புத்தகமாக இறக்க வேண்டாம். அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். நினைவகம் குறைந்த போனில் பெரிய கோப்பு திறக்கும்போதே விறைத்துப்போகும். பிள்ளை அதைக் காரணம் காட்டி கேமுக்குப் போய்விடும்.

டேட்டா கணக்கு: யூடியூப் 144பியில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 100 எம்.பி., 360பியில் 300 எம்.பி. அளவு, 720பிக்குப் போனால் ஒரு ஜி.பி.யைத் தாண்டும். எல்லாவற்றையும் 144பியில் போட்டாலும் சரிவராது. வரலாறு, தமிழ் போன்றவற்றுக்குக் காதால் கேட்டாலே போதும், 144பி தாராளம். கரும்பலகையில் கணக்குப் போடும் வீடியோவுக்கு 360பியாவது வேண்டும். இல்லாவிட்டால் 6 க்கும் 8 க்கும் வித்தியாசம் தெரியாது, அடுக்குக் குறி புள்ளியாகத் தெரியும். தானியங்கித் தரத்தில் விட்டால் சிக்னல் நன்றாக உள்ள நேரம் அதுவே மேலே ஏற்றிவிடும், மாலைக்குள் கார்டு காலி.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் அனுப்பும் படம் மங்கலாக வருவது கெமராவின் குற்றமல்ல. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டியுட்டை (பாடக்குறிப்பை) படமாக அனுப்பாமல் டொகியுமெண்டாக இணைத்தால் எழுத்து அப்படியே வரும். பிள்ளைக்குக் குரல் பதிவு இறங்கவில்லையா? பெரும்பாலும் சிக்னல் அல்ல, இடம் நிரம்பிவிட்டது. சொந்தக்காரர் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோவும்தான் போனை நிரப்புகின்றன. அமைப்புகளில் சேமிப்பும் தரவும் என்ற இடத்தில் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டு, பெரிய கோப்புகளை அழியுங்கள்.

பள்ளத்தில் உள்ள லய வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் செத்துக் கிடக்கும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இரண்டு கோடு வந்தால், ஒரு போனை அங்கே ஜன்னலில் வைத்து ஹொட்ஸ்பொட் போட்டு, பிள்ளை உள்ளே இன்னொரு போனில் படிக்கலாம். 2021 இல் லுணுகலைப் பக்கம் போஹிட்டியாவப் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காகப் பாறை ஏறிய செய்தி வெளிநாடுவரை போனது. மழைக்காலத்தில் அந்த மாதிரி இடங்களுக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். வகுப்பைப் பதிவாக்கிக் கேளுங்கள். இலவசக் கணக்கில் நடக்கும் சூம் எப்படியும் 40 நிமிடத்தில் அறுந்துவிடும்.

மலைப் பனியில் சார்ஜ் துவாரத்துக்குள் ஈரம் இறங்கிப் பச்சை பூக்கும். குண்டூசியால் குத்தக் கூடாது. போனை அணைத்து, காய்ந்த பல் தூரிகையால் மெல்லத் தட்டி எடுக்கலாம். சார்ஜில் போட்டுக்கொண்டே வீடியோ பார்த்தால் பற்றரி சூடேறி நாளடைவில் உப்பலாம். பின் மூடி தூக்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிக்கு சார்ஜரையும் டீவி டிஷ் வயரையும் கழற்றிவிடுவது நல்லது.

பாலர் டீச்சர், ஹப்புத்தளை:

பெரிய பிள்ளைகள் கதை வேறு. முன்பள்ளிக்கு வரும் மூன்றரை வயதுப் பிள்ளைகளில் ஒரு மாதிரி அடிக்கடி கண்ணில் படுகிறது. ரெட், புளூ, யெல்லோ எல்லாம் தெரியும். ஆங்கிலத்தில் இருபது வரை ஒப்பிக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் வாய் திறக்காது, கையைப் பிடித்து இழுக்கும். வீடியோ பேசிக்கொண்டே போகும், பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது. அப்பாயி "இது என்னடி?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பாரே, பேச்சு வருவது அந்த இடைவெளியில்.

இப்படி ஒரு பிள்ளையைக் கண்டதும் முத்திரை குத்த வேண்டாம். முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் கிளினிக்குக்கு வழி காட்டுவார். உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் சொன்ன அளவு: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. சோறு ஊட்டப் போன் கொடுப்பதை ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் வீடு ரணகளமாகும். பாதிச் சோற்றுக்குப் போன், பாதிக்குக் கதை என்று ஆரம்பிப்பது நடக்கக்கூடிய வழி.

அடுத்தது கை. திரையில் ஒரு விரல் தள்ளினால் போதும், பென்சிலுக்கு மூன்று விரல் வேண்டும். தரம் 1 க்குப் போகும்போது முஷ்டியால் பென்சிலைப் பிடிக்கும் பிள்ளைக்கு எழுத்தைவிட விரல்தான் முதல் வேலை. ரொட்டி மாவில் ஒரு உருண்டை பிசையக் கொடுங்கள். பழைய பத்திரிகையைக் கிழித்து உருட்டட்டும். உடுப்புக் கிளிப்பை நெரித்துக் கொடியில் மாட்டட்டும். கிரேயோனை விரல் மூட்டளவுக்கு உடைத்துக் கொடுத்தால் முஷ்டியால் பிடிக்கவே முடியாது, தானாக மூன்று விரலுக்கு வரும். எழுத்துப் பழக்கும் ஆப்களில் கவனம். 'அ' வைக் கடைசியிலிருந்து கீறினாலும் கோடு நிரம்பினால் கைதட்டும் ஆப் உண்டு. அந்தப் பழக்கத்தோடு 'ழ', 'ண' எழுத வரும்போது கை தடுமாறும்.

நானுஓயா:

வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். சாதாரண தரம், தரம் 8, தரம் 5. போன் கைக்கு வருவதே இருட்டிய பிறகு. யாருக்கு முதலில் கொடுப்பது?

கணித ஆசிரியர், பசறை:

அக்கா, முதலில் சின்னவருக்குக் கொடுங்கள், அரை மணித்தியாலம், தூக்கம் வருமுன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பிள்ளைக்குத் திரையைவிட அச்சடித்த வினாத்தாள்தான் தேவை. நேரம் வைத்துப் பென்சிலால் செய்து பழக வேண்டும். தரம் 8 க்கு வீடியோ அன்றன்று வேண்டியதில்லை, சனி ஞாயிறில் மொத்தமாகப் பார்க்கலாம். மிச்ச நேரம் மூத்தவருக்கு. ஆனால் படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் எல்லாருக்கும் போன் மூடப்பட வேண்டும். அலாரத்துக்கென்று தலைமாட்டில் வைத்தால் அது அலாரமாக மட்டும் இருக்காது.

சாதாரண தரப் பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. கணிதத் தாளில் கல்குலேட்டர் கிடையாது, மடக்கை (log) அட்டவணைதான். போனில் 0.0456 இன் மடக்கையைத் தட்டினால் -1.341 என்று காட்டும். அட்டவணையில் பார்த்த பிள்ளைக்கு வருவது 2 இன் தலையில் கோடு போட்டு .6590. இரண்டும் ஒன்றுதான்: -2 உடன் 0.6590 ஐக் கூட்டினால் -1.3410. கோட்டின் கீழுள்ள 2 மட்டும் மறை, புள்ளிக்குப் பின்னாலுள்ளது எப்போதும் நேர். இது தெரியாமல் போனை நம்பிய பிள்ளை, அட்டவணையில் .341 ஐத் தேடி முரண்மடக்கை (மடக்கைக்குரிய எண்) எடுத்து முழுக் கணக்கையும் கெடுத்துக்கொள்கிறது. விடை சரிபார்க்கப் போனைப் பாவிக்கலாம், இடைப்படிக்கு வேண்டாம்.

கேள்வியைப் படம் பிடித்தால் விடை தரும் ஆப்களும் இப்படித்தான். நம் வினாத்தாள் இரண்டில் படிக்குப் படி புள்ளி. கேத்திரகணித நிறுவலில் ஒவ்வொரு வரிக்கும் அடைப்புக்குறிக்குள் காரணம் எழுத வேண்டும். ஆப் காரணத்தை விட்டுவிட்டு முடிவுக்குத் தாவும், அதைப் பார்த்து எழுதுகிற பிள்ளையும் தாவும். சாட்ஜிபிடி, ஜெமினி பாவிக்கிறவர்கள், "விடையைச் சொல்லாதே, அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் தா, இலங்கைப் பாடநூல் சொற்களில் எழுது" என்று தட்டெழுதிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் கூட்டல் கழித்தலைக் கொப்பியில் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். அழகான தமிழில் பிழையான விடை தருவதில் அவை கெட்டிக்காரர்கள்.

கண் பரிசோதனை, ஹட்டன்:

இருட்டுக் காம்பராவில் போர்வைக்குள் போன் பார்க்கும்போது தூரம் ஒரு சாணுக்கும் குறைந்துவிடுகிறது. 30 முதல் 40 சென்ரிமீற்றர் வேண்டும், முழங்கையை மடக்கி வைத்துப் பார்த்தால் அந்த அளவு வரும். இருபது நிமிடத்துக்கு ஒருதரம் எதிர் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், இருபது செக்கன் போதும். கிட்டப்பார்வை வராமல் தடுக்க, பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவதற்குத்தான் நல்ல ஆதாரம் உண்டு, நாளுக்கு இரண்டு மணித்தியாலம். கண்ணைச் சுருக்குவது, கரும்பலகைக் கணக்கை இலக்கம் மாற்றி எழுதுவது, டீவிக்குக் கிட்ட நகர்வது கண்டால் சோதிக்க வேண்டும். நீல ஒளிக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

போன் திருத்தல், பொகவந்தலாவை:

நானுஓயா அக்காவுக்கு இன்னொன்று. பாடம் பார்க்கக் கொடுக்கும்போது, திறந்த ஆப்பைவிட்டு வெளியே போகவிடாத ஆப் பின்னிங் (app pinning) போட்டுக் கொடுங்கள். அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதியில் இருக்கும், சில போனில் மேலதிக பாதுகாப்பு என்பதற்குள். அதை இயக்கி, விலக்கும்போது பின் (PIN) இலக்கம் கேட்கும்படியும் வையுங்கள். பிறகு பி.டி.எஃப்பைத் திறந்து, அண்மைய ஆப் பட்டனைத் தட்டி, மேலே உள்ள ஐகனை அழுத்தினால் பின் செய்யும் தெரிவு வரும். யூடியூப்பைப் பின் செய்வதில் பயன் குறைவு, உள்ளேயே அடுத்த வீடியோ ஓடும். அதற்கு முதலில் தானாக ஓடும் பட்டனை அணையுங்கள். இலக்கத்தைப் பிள்ளை பார்க்க அழுத்தாதீர்கள், ஒருதரம் கண்டால் போதும்.