பிளேசார் ரேடியோ தரவில் 5 ஆண்டு உச்சம்: நம்பலாமா?

மாணவி, மார்த்தாண்டம்:
ஓவன்ஸ் பள்ளத்தாக்கு 40 மீட்டர் தொலைநோக்கியின் 15 கிகாஹெர்ட்ஸ் தரவு, ஒரே பிளேசார் (கருந்துளையிலிருந்து பாயும் ஜெட் நம்மை நோக்கி இருக்கும் விண்மீன் திரள் மையம்), 12 ஆண்டு. ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகத்தில் லோம்ப்-ஸ்கார்கிள் (இடைவெளி உள்ள தரவில் சுழற்சிக் காலம் தேடும் முறை) ஓட்டினேன். 5 ஆண்டில் பெரிய உச்சம். தற்செயலாக வர வாய்ப்பு 10⁻²⁰ என்று காட்டுது. 1 ஆண்டிலும் சின்னதா ஒண்ணு இருக்கு. ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கருந்துளைன்னு புராஜெக்டில் எழுதலாமா?

கோட்டார்:
எழுதாதீங்க. அந்த 10⁻²⁰ வெள்ளை இரைச்சலுக்கான கணக்கு, அதாவது வேகமான, மெதுவான ஏற்ற இறக்கம் எல்லாத்துக்கும் ஒரே பலம் உள்ள இரைச்சல். ஜெட்டின் வெளிச்சம் சிவப்பு இரைச்சல். மெதுவான ஏற்ற இறக்கத்துக்குத்தான் அதில் பலம் அதிகம். இரண்டு மூன்று சுற்று மட்டும் பார்த்தால் அது சைன் அலை மாதிரியே தெரியும். முட்டத்தில் கொஞ்ச நேரம் நின்னுட்டு ‘ஏழாவது அலைதான் பெருசு’ன்னு அடிச்சுச் சொல்ற கதைதான். உங்களுக்கு இரண்டரைச் சுற்றுகூட இல்லை. அதிர்வெண்ணில் உச்சத்தின் அகலமே ஆண்டுக்குச் சுமார் 1/12 சுற்று, அதாவது காலம் 4.1 முதல் 6.3 ஆண்டு வரை எதுவாகவும் இருக்கலாம்.

சிவப்பு இரைச்சல் மட்டும் உள்ள போலி ஒளிவளைவு (காலத்தோடு வெளிச்சம் மாறும் வரைபடம்) 10,000 உருவாக்கி, அதில் எத்தனையில் உங்க அளவு உச்சம் வருதுன்னு எண்ணுங்க. 1,000 போதாது, 3 சிக்மாவுக்கு (தற்செயல் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்) அதில் மூணே மூணுதான் தேறும். ஒவ்வொன்றையும் 120 ஆண்டு நீளத்துக்குச் செய்து 12 ஆண்டை வெட்டி எடுங்க. இல்லாட்டி 12 ஆண்டைவிட மெதுவான ஏற்ற இறக்கம் விட்டுப்போகும். பிறகு உங்க தேதிகளிலேயே மாதிரி எடுத்து, உங்க பிழை அளவையும் சேர்க்கணும். சிவப்பு இரைச்சலின் சரிவு எண்ணை (அதிர்வெண் கூடக் கூட பலம் எவ்வளவு வேகமாகக் குறையுது என்பதன் அளவு) நேர்கோடு போட்டு எடுக்காதீங்க. இடைவெளி உள்ள தரவில் அது பிசகும். போலிகளோடு ஒப்பிட்டே தேர்வு செய்யுங்க.

குளச்சல்:
1 ஆண்டு உச்சத்துக்கு: எல்லா அளவையும் 1 என்று வைத்து, சராசரியைக் கழிக்காமல் அதே தேதிகளில் ஓட்டிப் பாருங்க. அங்கேயும் 1 ஆண்டு வந்தால் அது சூரியன் குறுக்கே வரும் காலத்து இடைவெளி, பிளேசார் இல்லை.

மாணவி, மார்த்தாண்டம்:
நன்றி அண்ணா. போலிகளில் 5 ஆண்டில் மட்டும் எண்ணினால் என் உச்சத்தைவிட உயரமா வருவது 0.8 சதவீதம்தான். அப்போ பரவாயில்லையா?

கோட்டார்:
5 ஆண்டுன்னு முன்கூட்டியே தெரியுமா? தரவைப் பார்த்துத்தானே எடுத்தீங்க. போலியில் எந்தச் சுழற்சிக் காலத்தில் உச்சம் வந்தாலும் எண்ணணும். உச்சத்தின் உயரத்தை அந்தந்த அதிர்வெண்ணின் சிவப்பு இரைச்சல் அளவால் வகுத்து ஒப்பிடுங்க. சதவீதம் கூடத்தான் செய்யும்.

அதைவிட வலுவானது பழைய தரவு. பிகேஎஸ் 2131-021 என்ற பிளேசாரில் 2008-க்குப் பிறகான 4.8 ஆண்டு சைன், 1975 முதல் 1983 வரையிலான ஹேஸ்டாக் ஆய்வகத்தின் அளவுகளிலும் அதே கட்டத்தில் (ஏற்ற இறக்கம் அதே வரிசையில் விழும்படி) பொருந்தியது. நடுவில் சுமார் 20 ஆண்டு அது காணாமலும் போனது! மிச்சிகன் பல்கலைக்கழக ரேடியோ ஆய்வகத்தின் 14.5 கிகாஹெர்ட்ஸ் தரவு 2012 வரை உண்டு. உங்க பிளேசார் அதில் இருந்தால், 2008க்குப் பிந்தைய சைனைப் பின்னோக்கி நீட்டி, கட்டம் ஒத்துவருதான்னு பாருங்க.