மறு: ‘இன்டிடர்மினேட்’ கட்டிக்குத் தமிழ்

> ‘தீர்மானிக்க இயலாத கட்டி’ என்றே வைத்துவிடலாம். பொருள் சரிதானே?

வணக்கம் ஐயா,

பொருள் சரிதான். ஆளைப் பார்த்துச் சொன்னால்தான் இடிக்கிறது. போன வாரம் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மா எங்கள் கிளினிக்குக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு வந்தார். கைலிக்கு மேலாகவே தொடைக் கட்டியை அமுக்கிக் காட்டினார், எலுமிச்சம்பழம் அளவு. அறிக்கையின் கடைசி வரியில் ‘இன்டிடர்மினேட்’, அதாவது தீங்கற்றதா புற்றா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. நீங்கள் எழுதிய சொல்லையே சொன்னேன். “அவ்ளோ பெரிய மெசினுக்கே தெரியலையா தம்பி? அப்ப புத்துநோய்தான், மறைக்கிறீங்க.”

மெசினுக்குத் தெரிவது பெரும்பாலும் நீரும் கொழுப்பும்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கும் படவகைகளில் டி1 ஒன்று, டி2 இன்னொன்று. கொழுப்புக்கட்டி டி1 படத்தில் வெளுத்திருக்கும். கொழுப்பின் சமிக்ஞையை ஒடுக்கிப் படம் எடுத்தால் தோலடிக் கொழுப்போடு சேர்ந்து கறுத்துவிடும். முழுக்கட்டியும் ஒரே சீராக அப்படிக் கறுத்தால் தீங்கற்றது என்று தைரியமாகச் சொல்லலாம். 5 செ.மீ.க்கு மேல், தசையுறைக்குக் கீழே, உள்ளே திட்டுத்திட்டாக என்றால் சந்தேகம் கூடும். ஆனால் இதில் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. சைனோவியல் சார்கோமா என்ற புற்று சிறிதாக, விளிம்பு வழவழவென்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். மிக்சாய்டு என்ற கூழ் போன்ற வகைப் புற்று டி2வில் வெறும் நீர்க்கட்டி போலப் பளிச்சிடும், காடோலினியம் என்ற மாறுபாட்டு மருந்தை ஏற்றினால்தான் குட்டு உடையும். மறுபக்கம், பழைய ரத்தக்கட்டு கோரமாகத் தெரிந்து பதறவைக்கும்.

1971இல் அமெரிக்க மருத்துவர் டமாடியன், எலிக் கட்டிகளின் தளர்வு நேரம் (காந்தப்புலத்தில் ரேடியோ அலையால் கிளர்ந்த ஹைட்ரஜன் கருக்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்) நல்ல திசுவைவிட நீளம் என்று எழுதினார். காந்தமே புற்றைப் பிரித்துவிடும் என்ற ஆசை அன்றே பிறந்தது. ஆனால் இரு தரப்பு எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், அந்த நேரத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியவில்லை.

இதே கேள்விக்கு ‘ஐயக்கட்டி’ என்று அக்கா முன்வைத்தது அழகான சொல். ஆனால் கட்டிக்குத் தான் யார் என்பதில் ஓர் ஐயமும் இல்லை, ஐயம் பார்க்கிறவருக்கு. ஆகவே அடைமொழியைக் கட்டியிலிருந்து பிடுங்கிப் படத்தில் ஒட்டுவோம்: ஐயப்படிமம்.

கைக்கிளைக்கு, அதாவது ஒருதலைக் காதலுக்கு, காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்று நாலு படி வைத்திருக்கிறோமே (தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க), அதில் எம்.ஆர்.ஐ. முதல் இரண்டு படியோடு நின்றுவிடுகிறது. ஊசியால் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது மூன்றாவது. அதற்குத் திசுத்துணிவு என்றே வைக்கலாம்.

அந்த அம்மாவிடமும் மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்: “படத்துல தெளியலம்மா, கட்டியிலேருந்து துளி எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிரும்.” “அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றார்.

ஒரு நெருடல் பாக்கி. ‘படிமம்’ என்றால் கவிதைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நோயாளிகளுக்கான துண்டறிக்கையில் மட்டும் ‘ஐயப்படம்’ போதுமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுங்கள்.