561 பகா எண் என்று என் நிரல் சொல்கிறது, பிழை எங்கே?

விடைதேடி:
ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். அடிப்படை, ஃபெர்மாவின் சிறு தேற்றம்: பகா எண் என்றால் கீழ்க்கண்ட கணக்கில், தன் மடங்கல்லாத எந்த எண்ணுக்கும் மீதி 1 வரும். சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுக்கிறேன். மீதி 1 வந்தால் பகா எண் என்று அச்சிடுகிறது.

561-க்கு மீதி 1 வருகிறது. 2-க்குப் பதில் 5, 7, 10 வைத்தாலும் 1. ஆனால் 5+6+1=12, அதாவது 561 மூன்றால் வகுபடுமே! 3-ஐ வைத்தால் மட்டும் 375 வருகிறது. இரண்டு நாளாகத் தேடுகிறேன். அடுக்கு பெரிது என்பதால் எண் எங்காவது நிரம்பி வழிகிறதா?

மீதிக்கணக்கு:
பைத்தானில் முழு எண் நிரம்பி வழியாது. உங்கள் கணக்கு சரி, 561-இன் குணமே அப்படி.

561 = 3 × 11 × 17. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 2, 10, 16. இந்த மூன்றுமே 560-ஐ மீதியின்றி வகுக்கும். அதனால் 2-இன் 560-ஆம் அடுக்கை 3, 11, 17 எதால் வகுத்தாலும் மீதி 1, அப்புறம் 561-ஆல் வகுத்தாலும் 1தான். 560 வரை 320 அடிமானங்கள் (2-இன் இடத்தில் வைக்கும் எண்கள்) இப்படி ஏமாற்றும். நீங்கள் வைத்த 3, 561-இன் காரணி என்பதால்தான் மாட்டியது.

காரணியைப் பகிராத எல்லா அடிமானத்துக்கும் இப்படி ஏமாற்றும் பகு எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561தான் மிகச் சிறியது, அடுத்தவை 1105, 1729. இந்த நிபந்தனையைக் கோர்செல்ட் என்ற கணிதவியலாளர் 1899-லேயே சொல்லியிருந்தார். இவை முடிவிலி என்று 1994-இல் நிரூபித்தார்கள்.

படிக்கட்டு:
முதலில் 31 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டால் போதாதா?

மீதிக்கணக்கு:
வேகத்துக்கு நல்லது, ஆனால் போதாது. 37 × 73 × 109 = 294409. இதுவும் கார்மைக்கேல் எண்தான், 31 வரை எதற்கும் சிக்காது.

மில்லர்–ராபின் சோதனைக்கு மாறுங்கள். கடைசி மீதியை மட்டுமல்ல, சிறிய அடுக்கில் தொடங்கி வர்க்கப்படுத்திக்கொண்டே போகும்போது நடுவே வரும் மீதிகளையும் அது பார்க்கும். 560 = 16 × 35. 2-இன் 35-ஆம் அடுக்கை 561-ஆல் வகுத்தால் மீதி 263. அதை வர்க்கப்படுத்தி வகுத்தால் 166, மறுபடி 67, மறுபடி 1. அந்த 67-இல் கொஞ்சம் நில்லுங்கள். 561 பகா எண்ணாக இருந்தால், வர்க்கத்தின் மீதி 1 ஆகும் எண்கள் 1-உம் 560-உம் மட்டுமே. 67 எப்படி உள்ளே வந்தது? 67² = 4489 = 8 × 561 + 1. அதாவது 66 × 68, 561-இன் மடங்கு. 66-க்கும் 561-க்கும் மீ.பொ.வ. 33, 68-க்கும் 561-க்கும் 17. பகு எண் என்று தெரிவதோடு காரணிகளும் கையில் கிடைத்துவிடுகின்றன! எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

விடைதேடி:
67-ஐ நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், அருமை. நிரலையும் மாற்றினேன். 561, 1105, 1729, 294409 நான்கும் பகு எண் என்றே வருகின்றன. ஆனால் 2047 (23 × 89) பகா எண் என்று வருகிறதே?

மீதிக்கணக்கு:
2-ஐ மட்டும் அடிமானமாக வைத்திருப்பீர்கள். 2-இன் 11-ஆம் அடுக்கு 2048, அதை 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046-இன் பாதி 1023, அது 11 × 93. அதனால் முதல் படியிலேயே 1 வந்து தப்பிவிடுகிறது. 3-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 13,73,653-க்குக் கீழே 2, 3 இரண்டும் போதும்.

விடைதேடி:
சேர்த்தேன், 2047 மாட்டியது. 2-ஐயும் 3-ஐயும் சோதிக்காமல் நேரடியாகப் பகா எண் என்று வைத்துவிட்டு, 10 லட்சம் வரை எரடோஸ்தனீஸ் சல்லடையோடு (மடங்குகளை அடித்துக்கொண்டே போய்ப் பகா எண்களைப் பிரிக்கும் முறை) ஒப்பிட்டேன். இரண்டிலும் 78,498 பகா எண்கள், ஒன்றுகூட மாறவில்லை. மிக்க நன்றி!