வயிற்றுக் குழாயும் அத்தையின் கேழ்வரகுக் கஞ்சியும்

ஈசூன்வாசி:
அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். நான்கே மாதத்தில் 61 கிலோவிலிருந்து 44க்கு இறங்கிவிட்டார். தேநீர்கூட உள்ளே இறங்கவில்லை. அடைப்பைத் தாண்டி எண்டோஸ்கோப் (வாய்வழியாக உள்ளே விடும், விளக்கும் கேமராவும் உள்ள குழாய்) போகாததால், உணவு செலுத்த லேப்ராஸ்கோப்பி முறையில் இரைப்பைக்குள் குழாய் வைத்தார்கள். வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பவைத்து, தொப்புளருகே ஒரு துளையில் கேமராவும் பக்கத்துத் துளைகளில் கருவிகளும் நுழைத்து, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்களாம். எலும்பும் தோலுமாக இருந்தவர் முழு மயக்கத்தைத் தாங்குவாரா என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். தாங்கினார்.

நான் சண்டை போட்டது அதற்குப் பிறகுதான். பசியில் வாடியவருக்கு இவ்வளவு கொஞ்சமாகவா டின் சத்துமாவில் கரைத்த பால் கொடுப்பது? தாதி பொறுமையாக விளக்கினார்: நெடுநாள் வற்றிக் கிடந்த உடலில் சத்தை ஒரேயடியாகக் கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே தடுமாறிவிடும். அதனால் முதலில் தயமின் என்ற வைட்டமின் B1, பிறகு சிறுகச் சிறுகப் பால், தினமும் ரத்தப் பரிசோதனை. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை. "டின் மாவில் என்னடா சத்து இருக்கிறது?" என்று, நான் வேலைக்குப் போன நேரத்தில் தேக்காவில் வாங்கிய கேழ்வரகைக் காய்ச்சி ஊற்றிவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான நீரைச் சிரிஞ்சால் மெல்லத் தள்ளியும் இழுத்தும் ஒரு மணி நேரம் போராடினேன். இப்போது அந்தக் கஞ்சியை நான் குடிக்கிறேன்.

பிடோக் மருமகள்:
மாமியாருக்குப் பக்கவாதம். மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிவார் என்று கையில் உறை மாட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வயிற்றுக் குழாய் வைக்க அவருக்கு எண்டோஸ்கோப் முறையே போதுமானதாக இருந்தது. உள்ளிருக்கும் விளக்கொளி வயிற்றுத் தோலில் தெரியும் இடம் பார்த்துத் துளையிடுவார்களாம். 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் இம்முறையை முதலில் செய்தது ஒரு கைக்குழந்தைக்கு என்று படித்தபோதுதான் என் கணவர் சம்மதித்தார்.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
எங்கள் பிழையையும் எழுதிவிடுகிறேன். அம்மாவின் குழாய் ஐந்தாவது மாதத்தில் நள்ளிரவில் கழன்றது. பணிப்பெண் பதறி எழுப்பினார். விடியட்டும் என்று நான்தான் சொன்னேன். காலையில் துளை சுருங்கிப்போய், மறுபடியும் அறுவைக்கூடம். சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கிவிடுமாம். வைத்த முதல் சில வாரங்களில் கழன்றாலோ, வீட்டில் யாரும் திருப்பிச் செருகவே கூடாது; குழாய் இரைப்பைக்கு வெளியே போய்விடும். இரண்டுக்கும் உடனே அவசரப் பிரிவுதான். குழாயின் அளவை எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.