அடுக்குமாடியில பூச்சித் தொல்லை: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

தளிரோட்டு அம்மா:
ஆறாவது மாடி. எங்களுக்கு நேர் மேல, ஏழாவது மாடி பால்கனிக்கு அடியில மலைத்தேனீ கூடு. மாம்பூ பூக்கிறப்ப வந்து உக்காந்தது, ரெண்டடி அகலத்துக்கு வளந்துருச்சு. ஓசூர்ல இருக்கிறவங்களுக்கு இத விளக்க வேண்டியதில்ல. மேல் வீட்டுக்காரர் யாரையும் கேக்காம எவனோ ஒருத்தனக் கூட்டிட்டு வந்து, ராத்திரி எட்டரை மணிக்குப் புகை போட வச்சாரு.

எம்பொண்ணு ஹால்ல டியூப்லைட்டுக்குக் கீழ உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருந்தா. ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை இருக்கு. பால்கனிக் கதவு மட்டும் துணி எடுக்கத் தொறந்தது தொறந்தபடி. மொதல்ல ஒண்ணு ரெண்டு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல லைட்டே தெரியல. நோட்டு மேல பொத்துப் பொத்துன்னு விழுது, விழுந்தது எந்திரிச்சு மறுபடி லைட்டுக்கே போகுது. கத்தாதடின்னு சொல்லிட்டு மெயின அணைச்சேன். ஒரே இருட்டு, ரீங்காரம் மட்டும். அவ பயந்துபோய் செல்போன் டார்ச்சப் போட்டா பாருங்க, அத்தனையும் அந்தக் கைக்கு வந்துச்சு. போனப் புடுங்கி பால்கனியில வீசினேன். எரிஞ்சுட்டே போய் விழுந்துச்சு, எல்லாம் அது பின்னாடியே போச்சு, கதவச் சாத்திட்டேன்.

புள்ளைக்கு மணிக்கட்டுலயும் கழுத்துலயும் கொட்டிருச்சு. மறுநாள் லிஃப்ட்ல அந்த மனுசன் "போயிருச்சுல்ல மேடம்"னு சிரிக்கிறாரு. எனக்கு இன்னும் ஆறல.

சிப்காட் நைட் ஷிஃப்ட்:
தேனீயாவது சீசனுக்கு வந்துட்டுப் போயிரும்க்கா. எங்க வீட்ல இருக்கிறது நிரந்தரக் குடித்தனம். ராயக்கோட்டை ரோடு, மூணாவது மாடி. சின்னக் கரப்பான், தலைக்குப் பின்னாடி ரெண்டு கருங்கோடு இருக்குமே, அந்த ஜாதி.

ஷிஃப்ட் முடிஞ்சு காலையில வந்து சாம்பார் சுட வைக்கிறேன். மைக்ரோவேவ்ல பச்சை எழுத்துல மணி 6:41. அந்த 4க்கு முன்னாடி ஒண்ணு நடந்து போகுது. வெளிய இல்ல. கண்ணாடிக்கும் நம்பருக்கும் நடுவுல. நின்னு நிதானமா மீசைய ஆட்டிட்டு 1 பக்கம் போயி மறைஞ்சுருச்சு. அடிக்கவும் முடியாது, தொடைக்கவும் முடியாது. நான் பாத்துட்டே இருக்கேன், சாம்பார் சுத்திட்டே இருக்கு. அந்த சாம்பாரச் சாப்பிடல. அந்த மெஷினையும் அப்புறம் தொடல.

பக்கத்து ஃப்ளாட் பூட்டியே கெடக்கு. ஓனர் பெங்களூர், வாங்கிப் போட்டதோட சரி. அங்க இருந்துதான் வருதுன்னு அசோசியேஷன்ல சொன்னா, "பூட்டுன வீட்ல கரப்பான் எதத் தின்னு வாழும்"னு திருப்பிக் கேக்குறாங்க.

கிளிமூக்கு, காவேரிப்பட்டணம்:
தளிரோட்டு அம்மாவுக்கு: பாப்பாவுக்குக் கொட்டுனது வருத்தம்தான். ஆனா தப்பு தேனீ மேல இல்லங்க, புகை போட்டவன் மேல. மலைத்தேனீய ராத்திரியில கலைச்சா வெளிச்சத்துக்குத்தான் வரும், அது சுபாவம். அது பொந்துல வாழ்ற ஜாதியே இல்ல. ஒரே ஒரு அடை, அதையும் வெட்டவெளியில தொங்க விடும். முந்தி பாறையிலயும் ஆலமரத்துலயும் கட்டுச்சு. இப்ப சிலாபு அடி அதுக்குப் பாறை மாதிரிதான் தெரியுது. பூ முடிஞ்சா அதுவா எடம் மாறிப் போயிரும், சும்மா விட்டாலே போதும். அடுத்த வருசம் அதே எடம் தேடி வரும்ங்கிறது நெசம். அதனால அது போன பிறகு மிச்ச மெழுகச் சுரண்டிக் கழுவி வலை கட்டணும். இருக்கிறப்ப கைய வைக்கக் கூடாது. ரொம்ப ஆபத்தான எடம்னா 101க்குப் போட்டு தீயணைப்புக்காரங்களக் கூப்பிடணும், கண்ட ஆளையும் விடக்கூடாது.

இன்னொண்ணு. கொட்டுன எடத்துல கொடுக்கு நிக்கும். அது கூட இருக்கிற விசப்பை தொடர்ந்து எறக்கிட்டே இருக்கும், ஒடனே நகத்தால வழிச்சு எடுத்துரணும். கொட்டுன எடத்துல வாழைப்பழ வாசனை மாதிரி ஒண்ணு கிளம்பும், அது மத்த தேனீக்கு "இங்க கொட்டு"ன்னு சொல்ற சமிக்ஞை. அதனால அங்க நிக்காம நகந்துரணும். மூச்சு முட்டினாலோ மொகம் வீங்கினாலோ ஆஸ்பத்திரிதான், சுண்ணாம்பு தடவிட்டு உக்காந்திருக்கக் கூடாது. தேனீ இல்லாட்டி எங்க தோப்புல காய்ப்பு கொறையும். நீங்க கோடையில திங்கிற மாம்பழம் எங்க இருந்து வருதுன்னு யோசிங்க.

என் அனுபவமா? தோப்புல கொட்டு வாங்காத வருசம் கிடையாது, அவ்ளோதான்.

தளிரோட்டு அம்மா:
தம்பி, தேனீ மேல தப்புன்னு நான் எங்க சொன்னேன்? மேல் வீட்டுக்காரரப் பத்தித்தான் எழுதினேன். மறுபடி படிச்சுப் பாருங்க.

பழைய மெயின்டனன்ஸ்:
சிப்காட் தம்பி, நான் பில்டிங் மெயின்டனன்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன். நீங்க ரெண்டு ஜாதியப் போட்டுக் குழப்பிக்கிறீங்க. பூட்டுன வீட்ல இருந்து வர்றது பெரிய செவப்புக் கரப்பான், சாக்கடை ஜாதி. காரணம் சாப்பாடு இல்ல, தண்ணி. பாத்ரூம் தரையில இருக்கிற நானி டிராப்புல எப்பவும் ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கணும், அதுதான் குழாய்க்கு மூடி. வீட்டப் பூட்டிட்டுப் போனா கோடையில அது வத்திரும். வத்தினதும் சாக்கடைக் குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவுல தடுப்பே கிடையாது. அது பாட்டுக்கு ஏறி வந்து, ஷாஃப்ட் வழியா உங்க வீட்டுக்கும் வரும். ஊருக்குப் போறவங்க டிராப்புல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய விட்டுட்டுப் போங்க. எண்ணெய் மெதக்கிறதால சீக்கிரம் வத்தாது.

ஆனா உங்களோடது சின்ன ஜாதி. அது சாக்கடையில இருந்து வர்றதில்ல. பழைய மைக்ரோவேவ், பழைய ஃப்ரிட்ஜ், மளிகைக்கடை அட்டைப்பெட்டி, பெரும்பாலும் இதுல ஏறித்தான் வீட்டுக்குள்ள வரும். சூடு பிடிக்கும், அதான் கரண்டு சாமானுக்குள்ள போய் உக்காருது. பொட்டை தன் முட்டைப்பைய பொரியிற வரைக்கும் பின்னாடியே தூக்கிட்டுத் திரியும், ஒரு பையில முப்பது நாப்பது குஞ்சு. ஸ்ப்ரே அடிச்சா கண்ணுக்குத் தெரியிறது சாகும், மத்தது செவுத்து ஓட்டை வழியா அடுத்த ரூமுக்கு, இல்லன்னா அடுத்த வீட்டுக்குப் போகும். கரப்பானுக்கு வைக்கிற விஷ ஜெல் வைங்க. கடுகளவுப் பொட்டு, கீல் சந்து, சிங்க்குக்கு அடி, ஃப்ரிட்ஜ் ரப்பர் ஓரம், நெறைய எடத்துல. ஜெல் வச்ச எடத்துல ஸ்ப்ரே அடிக்காதீங்க, அந்த நெடிக்கு அது ஜெல்லத் தொடாது. ஜெல்லத் தின்னது பொந்துக்குள்ள போய்ச் சாகும். அதோட கழிவையும் பொணத்தையும் தின்னு மத்தது சாகும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு ரவுண்டு வைங்க. சிங்க் பைப் செவுத்துக்குள்ள போற எடத்துல சந்து இருந்தா வெள்ளை சிமென்ட்டால அடைங்க. இத எந்த பில்டரும் செய்யிறதில்ல, ஸ்டீல் வட்டத்தப் போட்டு மறைச்சுட்டுப் போயிருவான்.

நமக்கும் அனுபவம் உண்டு. ஒரு பத்து மாடி ஷாஃப்ட்ட ராத்திரி டார்ச் அடிச்சு மேல பாத்தேன். செவுரு நகந்துச்சு. அவ்வளவுதான் சொல்லுவேன்.

சிப்காட் நைட் ஷிஃப்ட்:
ஐயா, மைக்ரோவேவ் புதுசுதான் வாங்கினேன். அப்ப பக்கத்து வீடுதான?

பழைய மெயின்டனன்ஸ்:
அது வந்த பெட்டி எந்த குடோன்ல எத்தன மாசம் கெடந்துச்சுன்னு தெரியுமா?

பேர் வேண்டாம்:
இத எங்க சொல்றதுன்னு தெரியாம இங்க எழுதறேன். மூட்டைப்பூச்சி. கரப்பான்னு சொன்னா சிரிப்பாங்க, மூட்டைப்பூச்சின்னு சொன்னா நம்ம வீட்டுச் சோபாவுல உக்கார மாட்டாங்க.

கொழுந்தன் பெங்களூர் பிஜில இருந்து பையோட வந்தான், அவன் போன பிறகு ஆரம்பிச்சுது. மெத்தையோட தையல் ஓரமெல்லாம் கருப்புப் புள்ளி. பகல்ல எறக்கினா பாப்பாங்கன்னு நடுராத்திரி வீட்டுக்காரரும் நானும் மெத்தைய பிளாஸ்டிக்ல சுத்தி லிஃப்ட்ல நிறுத்தி எறக்கினோம். மூணாவது மாடியில லிஃப்ட் நிக்குது. அசோசியேஷன் செக்ரட்டரி, நாயக் கூட்டிட்டு. உள்ள வந்தாரு. மெத்தையப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, நம்பரப் பாத்துட்டு நின்னாரு. யாரும் பேசல. நாய் மட்டும் மெத்தைய மோந்துட்டே இருந்துச்சு. கிரவுண்ட் வந்ததும் "குட் நைட் மேடம்"னாரு.

அடுத்த வாரமே நோட்டீஸ் போர்டுல "பழைய மெத்தை, கட்டில் லிஃப்ட்டில் கொண்டு செல்லக் கூடாது". பேரு போடல. எல்லாருக்கும் தெரியும்.

பழைய மெயின்டனன்ஸ்:
மெத்தையத் தூக்கிப் போட்டா மட்டும் தீராது அம்மா. கட்டில் ஸ்க்ரூ ஓட்டை, பிளக் போர்டு, தலைமாட்டுப் பலகை, இங்கதான் பாதி இருக்கும். சாப்பாடு இல்லாம மாசக் கணக்குல கெடக்கும், ஓசூர்க் குளிருக்கு இன்னும் கொஞ்சம் கூடவே கெடக்கும். ஐம்பது டிகிரிக்கு மேல சூடு தாங்காது, துணியெல்லாம் வெந்நீர்ல போட்டு இஸ்திரி பண்ணுங்க. மருந்து அடிச்சாலும் முட்டை நெறைய தப்பிச்சிரும். அது பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுக்கப்புறம் ரெண்டாவது தடவை அடிக்கணும். ஒரே தடவையில முடிஞ்சுரும்னு சொல்ற ஆளுக்குக் காசு குடுக்காதீங்க.

பேர் வேண்டாம்:
நான் மருந்து கேக்கலங்க ஐயா. இருந்தாலும் நன்றி.

பென்னாகரம் ரோடு:
தருமபுரியில ஏதுப்பா பத்து மாடி. எங்களது தரைத்தளத்துக்கு மேல மூணு. இங்க குளவி. ஏசி தண்ணி வெளிய போற குழாய் வாயில மண்ணக் கொண்டாந்து அடைச்சிருச்சு. தண்ணி உள்பக்கம் சொட்டுது. குச்சி விட்டுக் குத்தப் போனா எங்க ஆத்தா கையப் புடிச்சுக்கிச்சு. வீட்ல எம்பொண்டாட்டி மாசமா இருந்தா. குளவி கூடு கட்டுனா வாரிசு வரும்னு ஐதீகம், அதக் கலைக்கக் கூடாதாம். வாரிசுதான் ஏற்கனவே வந்துருச்சேன்னா "வாய மூடு"ங்குது. ஏசிக்குக் கீழ அண்டா வச்சுட்டுப் படுத்தோம்.

பொறந்து பேரு வச்சதும் மொத வேலையா ஒடச்சேன். உள்ள அறை அறையா மண்ணு, ஒரு அறையில பச்சைப்புழு அஞ்சாறு வெறைச்சாப்புல கெடக்கு. செத்துருச்சுன்னு நெனச்சு விரலால தொட்டா லேசா நெளியுது. குளவி அதக் கொல்றதில்ல, கொட்டி மரத்துப்போக வச்சு, முட்டை விட்ட அறைக்குள்ள அடுக்கிட்டு வாய அடைச்சுட்டுப் போயிருது. குஞ்சு பொரிஞ்சு கெடாத கறியாத் திங்கணுமாம். இதச் சொன்னா ஆத்தா, "தாயின்னா அப்படித்தான்டா பாப்பா"ங்குது. அந்தப் புழுவுக்கும் ஒரு தாய் இருந்திருக்கும்ல.

பாகலூர் ரோடு பேச்சுலர்:
கிளிமூக்கு அண்ணனுக்கு ஒரு திருத்தம். மாம்பூவுக்கு தேனீய விட ஈதான் அதிகம் வந்து மகரந்தம் சேக்குது. நீங்க தோப்புக்காரர், உங்களுக்கே தெரியும்.

ஈன்னதும் ஞாபகம் வருது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய் ஒரு பெட்டி பழம் வாங்கிட்டு வந்து கிச்சன்ல வச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்து லைட்டப் போட்டா சின்ன சின்ன ஈ, தும்மினா வாய்க்குள்ள போகும். ரூம்மேட்டுக்கு விவசாய மருந்துக்கடையில தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு தோப்புல தொங்க விடுற பொறி, அந்த வாசனைக் கட்டையோட ஒண்ணு வாங்கிட்டு வந்து எக்ஸாஸ்ட் ஃபேன்ல கட்டினான். ஒரு ஈ கூட விழல.

கிளிமூக்கு, காவேரிப்பட்டணம்:
எப்படி விழும்? அது மாங்காயைத் துளைச்சு முட்ட விடுற பழ ஈக்கு. அதுலயும் ஆண் ஈ மட்டும்தான் அந்த வாசனைக்கு வரும். உங்க கிச்சன்ல பறந்தது புளிச்ச பழத்துக்கு வர்ற வேற ஈ. டம்ளர்ல வினிகர் ஊத்தி ஒரு சொட்டு பாத்திரம் வெளக்குற சோப்பு விடுங்க, முங்கிச் சாகும். மொதல்ல அந்தப் பெட்டியக் கீழ கொண்டுபோய்ப் போடுங்க. மாம்பூவுக்கு ஈயும் வரும், தேனீயும் வரும். நான் ஈ வராதுன்னு சொல்லல.

வீடு வீடா:
நான் மாநகராட்சியில கொசுப்புழு பாக்கிற வேல செய்யறேன். தனி வீடுன்னா உள்ள விடுவாங்க, தண்ணியும் குடுப்பாங்க. உங்க அப்பார்ட்மென்ட்ல செக்யூரிட்டி "பேஸ்மென்ட்ல பாத்துட்டுப் போம்மா, மேல பர்மிஷன் இல்ல"ம்பாரு. பத்தாவது மாடிக்குக் கொசு வராதாம். லிஃப்ட்ல வரும். வராட்டியும் அங்கயே பொறக்கும்.

ஒருநாள் ஒரு மேடம் பதினோராவது மாடிக்கு விட்டாங்க. "எங்க வீட்ல கொசுவே கெடையாதும்மா"ங்கிறாங்க, பட்டப்பகல்ல மூலையில கொசுவத்தி எரியுது. பூந்தொட்டித் தட்டு காஞ்சிருக்கு, பக்கெட்டும் சுத்தம். ஃப்ரிட்ஜ் பின்னாடி டார்ச் அடிச்சேன். கீழ டிரேல தண்ணி. வெளிச்சம் பட்டதும் அத்தனையும் தலைகீழா நெளிஞ்சு அடிக்குப் போச்சு. அந்த மேடத்தயும் குனிஞ்சு பாக்கச் சொன்னேன். பாத்துட்டு எந்திரிச்சவங்க மொகத்துல ரத்தமே இல்ல. உள்ரூம்ல அவங்க பையன் காய்ச்சலோட படுத்திருந்தான்.

டெங்குக் கொசு பகல்ல கடிக்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணியக் கொட்டிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக் கணக்குல காஞ்சு கெடக்கும், தண்ணி பட்டதும் பொரியும். வாரம் ஒரு தடவ தேய்ச்சுக் கழுவணும்.

பாகலூர் ரோடு பேச்சுலர்:
அக்கா, ஃப்ரிட்ஜ்ல டிரே எங்க இருக்கு? உள்ள காய் வைக்கிறதா?

வீடு வீடா:
இல்ல தம்பி, பின்பக்கம், கீழ மோட்டாருக்கு மேல. மொதல்ல பிளக்கப் புடுங்கிருங்க. சிலதுல டிரே தனியா வரும். வராட்டி ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்துட்டு ஓரத்தத் தேய்ங்க.

பாகலூர் ரோடு பேச்சுலர்:
டபுள் டோர்க்கா, ஹவுஸ் ஓனரோடது. நகத்தினா டைல்ஸ் கீறும்னு அட்வான்ஸ்ல புடிப்பாரு.

பழைய மெயின்டனன்ஸ்:
முன் கால் ரெண்டுக்கும் அடியில பழைய மிதியடியச் சொருகி இழுப்பா. கீறினா நான் கேரண்டி.