32 பிட் ஏஆர்எம் போர்டில் 2040-ஆம் ஆண்டுத் தேதி 1903 என்று வருகிறது. எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
வணக்கம். டெபியன் 11, கெர்னல் 5.10, ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) 2.31, சி மொழி நிரல். உரிமம் முடியும் தேதியாக சர்வர் 2208988800 என்று அனுப்புகிறது (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள்; அதாவது 2040 ஜனவரி 1, யுடிசி). அதை டைம்_டி (நேரத்தை நொடிகளில் வைக்கும் வகை) மாறியில் போட்டு, நொடியைத் தேதியாக்கும் ஜிஎம்டைமிடம் கொடுத்தால் 1903 நவம்பர் 25, 17:31:44 வருகிறது. அதே 2040 தேதியை, தேதியை நொடியாக்கும் எம்கேடைமிடம் கொடுத்தால் -1 (பிழை). கெர்னல் 64 பிட் நேரத்தை ஏற்கிறதே, பிறகு ஏன்?

பதில் 1:
கெர்னலில் குறை இல்லை. 5.6-லிருந்தே 32 பிட் கணினிகளிலும் 64 பிட் நேரம் முழுமையாக இருக்கிறது. தடை ஜிலிப்சியில். உங்கள் டைம்_டி இன்னும் 4 பைட். 2147483647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். ஜிலிப்சி 2.34 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். டெபியன் 12-ல் 2.36 இருக்கிறது, ஆனால் தானாக மாறாது. கம்பைல் செய்யும்போது _டைம்_பிட்ஸ்=64, _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64 இரண்டையும் (பெரிய எழுத்தில்) சேர்த்தே கொடுங்கள். முதலாவதை மட்டும் கொடுத்தால் ஹெடரிலேயே பிழை காட்டி நிற்கும். டெபியன் 13-ன் ஏஆர்எம்எச்எஃப்-இல் (32 பிட் ஏஆர்எம் பதிப்பு) 64 பிட்தான் இயல்பு. போர்டின் இயங்குதளத்தை மாற்ற முடியாதென்றால் மஸ்ல் 1.2 (ஜிலிப்சிக்கு மாற்றான சி லைப்ரரி) வைத்து ஸ்டேடிக்காக, அதாவது லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்து, பில்ட் செய்யுங்கள்.

மெயின் ஃபைலில் சைஸ்ஆஃப்(டைம்_டி) 8-தானா என்று ஒரு ஸ்டேடிக் அசெர்ட் (கம்பைல் செய்யும்போதே நடக்கும் சோதனை) போட்டுவையுங்கள். யாராவது மேக்ஃபைலை மாற்றினால் அன்றே தெரிந்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். டைம்_டி உங்கள் நிரலில் 8 பைட், நீங்கள் இணைக்கும் சொந்த .எஸ்ஓ (பகிர்வு) லைப்ரரியில் 4 பைட் என்றால் கம்பைலர் எச்சரிக்காது, லிங்கரும் எச்சரிக்காது. டைம்_டி உள்ள ஸ்ட்ரக்ட் (பல மாறிகளின் தொகுப்பு) நிரலுக்கும் லைப்ரரிக்கும் இடையே போகும்போது பின்னால் உள்ள ஃபீல்டுகள் எல்லாம் நகர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஃப்ளாக்கில் மறுபடி கம்பைல் செய்யுங்கள். பிறகு என்எம் (ஃபைலில் உள்ள ஃபங்ஷன் பெயர்களைப் பட்டியலிடும்) கருவியை -டி (பெரிய எழுத்து D) ஃப்ளாக்கோடு ஒவ்வொரு ஃபைல் மேலும் ஓட்டி, 'டைம்64' என்று முடியும் பெயர்கள் வருகின்றனவா பாருங்கள். வெறும் 'டைம்' வந்தால் அந்த ஃபைல் பழையது.

லாங் என்று காஸ்ட் செய்த இடங்களையும் தேடுங்கள். 32 பிட்டில் லாங் 4 பைட்தான். அச்சிடும்போது லாங் லாங் ஆக்கி %எல்எல்டி போடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, 2040 சரியாக வருகிறது. ஆனால் பழைய வெப்பநிலைப் பதிவு ஃபைல்களைத் திறந்தால் குப்பையாக வருகிறது. டைம்_டி, ஃப்ளோட், 16 பிட் சேனல் எண்: இவை உள்ள ஸ்ட்ரக்டை அப்படியே எழுதியிருந்தோம்.

பதில் 2:
அதேதான். முன்பு பதிவுக்கு 12 பைட், இப்போது 16. ஃபைலில் டைம்_டியை ஒருபோதும் எழுதாதீர்கள், இன்ட்64_டி எழுதுங்கள். ஹெடரில் ஒரு பதிப்பு எண் வையுங்கள். அது இல்லாத பழைய ஃபைலை, நேரத்தை இன்ட்32_டி ஆக வைத்த 12 பைட் ஸ்ட்ரக்டால் படித்து மாற்றுங்கள்.

பதில் 3:
டைம்அவுட்டுகளுக்கு தேதி காட்டும் இந்தக் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், மோனோடானிக் (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) போதும். 32 பிட் மில்லிசெகண்ட் எண்ணி இருந்தால் அது 49 நாள் 17 மணி நேரத்தில் சுற்றிவிடும். 'இப்போது > தொடக்கம் + இடைவெளி' என்று ஒப்பிட்டால் அந்த நேரத்தில் தவறும்; 'இப்போது − தொடக்கம் >= இடைவெளி' என்று அன்சைன்டில் எழுதினால் சுற்றினாலும் சரியாக வரும். நொடியை 1000-ஆல் பெருக்குவதற்கு முன்பே இன்ட்64_டி ஆக்குங்கள், பெருக்கிய பிறகு ஆக்கிப் பயனில்லை.

கேட்டவர்:
சோதிப்பது எப்படி? எஸ்என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் பெறும் நெறிமுறை) கிளையன்ட்டும் நாங்களே எழுதியதுதான்.

பதில் 1:
தனி போர்டில் செய்யுங்கள். மற்ற 32 பிட் சேவைகள் தடுமாறலாம். நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டு, யுடிசியில் 2038-01-19 03:13:50 என்று கடிகாரத்தை வையுங்கள். 17 நொடியில் 2147483647 என்ற எல்லை வரும் (நம் நேரம் காலை 8:44:07). அதன்பின் லாக் வரிசை, டைமர், உரிமச் சோதனை மூன்றையும் பாருங்கள். ஆர்டிசியில் (போர்டின் வன்பொருள் கடிகாரம்) அந்தத் தேதியை எழுதிவிடாதீர்கள்.

எஸ்என்டிபிக்கு எல்லை இன்னும் முன்னதாகவே, 2036 பிப்ரவரி 7, 06:28:16 யுடிசி. அது 1900-லிருந்து எண்ணுவதால், 1970 கணக்குக்கு மாற்றக் கழிக்கும் எண்ணும் 2208988800-தான், உங்கள் உரிமத் தேதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வந்த நொடியின் உச்ச பிட் 0 என்றால் புதிய சுற்று: 64 பிட்டில் 4294967296 கூட்டிவிட்டுக் கழியுங்கள்.